ஆத்தாளின் நெற்றிக் காசு

அண்ணே,

போன வாரம் காலையில் பேத்தி ஓடிவந்து உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க அம்மாயி, ஜெர்மனிக் காசு!" வேர்த்த கையில் காசு ஊறினால் வருமே ஒரு வாடை, அதேதான். உன் கை வாடை.

மகளைக் கட்டிக்கொடுத்த எல்ல ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் இப்போது இருக்கிறேன். எல்ல ஸ்டேசனில் வெள்ளைக்காரர்கள் இறங்கினால் போதும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் சூழ்ந்துகொள்கின்றன. அவர்கள் ஊர்க் காசு ஒன்று வாங்கிவிட வேண்டும். பிறகு தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நம் லயத்துக்கு வந்து ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கின்றன. ஆளுக்கொரு டின் வைத்திருக்கின்றன. காசு சேர்க்கிற கிறுக்கு உன்னோடு ஒழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். "பாத்துக்கிட்டே இரு தங்கச்சி, வருங்காலத்துல வெள்ளைக்காரன் இந்த லயத்துக்கே வந்து பழைய காசு கேப்பான்" என்று நீ சொன்னபோது சிரித்தேன். போன மாதம் ஒருவன் வந்து கேட்டே விட்டான். நீ சொன்னது பலித்ததும் எனக்கு ஆத்திரம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பதுளை டவுனுக்குப் போய், துணிக்கடை நானாவிடம் கெஞ்சி அவர் கல்லாவைக் கிளறுவாய். புதுக் காசைக் கொடுத்துப் பழைய காசை எடுத்து வருவாய். நம் பெண்கள் கழுத்தில் கோத்துப் போட்ட வெள்ளி ரூபாய் கிடைத்தால் மட்டும் முகம் சுளித்து என் மடியில் தூக்கிப் போடுவாய். "ஓட்டை விழுந்த காசு செத்த காசு. சேர்க்கிறவன் எவனும் தொடமாட்டான்" என்பாய். அதை நான் மறக்கவில்லை. எதைத்தான் மறந்தேன்?

ஆத்தாளின் சுருக்குப் பையில் ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது. கிரீடம் இல்லாத ராசா தலை போட்டது. திருச்சிப் பக்கத்திலிருந்து நடந்தும் கடல் தாண்டியும் வந்த அப்பாயி கொண்டுவந்தது. வெற்றிலைக் கறை ஏறி ஏறிக் கறுத்துப் போயிருக்கும். "இது என் நெத்திக்கு. என்னோடயே மண்ணுக்குள்ள வரணும்" என்று ஆத்தா நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். நீயும்தான் தலையை ஆட்டினாய்.

அவள் செத்த அன்று, குளிப்பாட்டி லயத்து வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் கிடத்தி, சந்தனம் குழைத்து அந்தக் காசை நான்தான் அவள் நெற்றியில் ஒட்டினேன். நீ ஓடிவந்து மேலே விழுந்தாய். "ஆத்தா, ஆத்தா" என்று முகத்தோடு முகம் வைத்து அழுதாய். லயமே உன் அழுகையைப் பார்த்தது. நான் உன் கையைப் பார்த்தேன். நீ எழுந்தபோது அவள் நெற்றியில் புதுக் காசு பளபளவென்று இருந்தது.

பிணத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவேன்? எல்லாம் முடிந்து, மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியில் நீ கால் கழுவும்போதுதான் பிடித்தேன்.

"ஆத்தா நெத்திக் காசு எங்கண்ணே?"

"மெதுவா பேசு. அது மண்ணுக்குள்ள போனா யாருக்குப் பிரயோசனம்? செத்தவங்களுக்கு எந்தக் காசா இருந்தா என்ன?"

"எந்தக் காசா இருந்தாலும் ஒண்ணுதான்னா, ஒனக்கு மட்டும் ஏன் அதே காசு கேக்குது?"

நீ ஈரக் காலோடு லயத்துப் பக்கம் நடந்தாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதன் பிறகு உன்னோடு பேசவில்லை. என் மகள் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் என்று சீர்த்தட்டோடு வந்தாய். தட்டை வாங்கினேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பினார்களே, அதில் உனக்கும் சீட்டு வந்ததும், பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். "வழியில பெட்டியக் கிளறுவாங்களாம் தங்கச்சி. நீ வச்சிரு. ஒருநாள் வந்து வாங்கிக்கிறேன்." அவ்வளவுதான். தப்புச் செய்துவிட்டேன் என்று ஒரு சொல், அது உன் வாயில் வரவில்லை. நீ ரயிலேறியதும் டின்னைத் திறந்தேன். ஆத்தாள் காசு மட்டும் பஞ்சுக்குள் தனியாகத் தூங்கியது. ஆத்தாளைக்கூட நீ அப்படிப் பொத்திப் பார்த்ததில்லை.

அதை எடுத்துக்கொண்டு, ஆத்தாளைப் புதைத்த குழிமேட்டுக்கு ஓடினேன், அவள் தலைமாட்டில் புதைத்துவிடலாம் என்று. அங்கே தேயிலைக் கன்று நட்டிருந்தார்கள். எந்தக் கன்றுக்குக் கீழே ஆத்தா என்று தெரியவில்லை. மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அன்றைக்கு முடிவு செய்தேன்: அந்தக் காசு என் நெற்றியில் இருந்து என்னோடு வரட்டும், நானே கொண்டுபோய் அவளிடம் கொடுக்கிறேன்.

நீ கூடலூரில் செத்துப்போனதாக மதினி கடிதம் போட்டபோது பேத்திதான் வாசித்தாள். நான் அழவில்லை. உன் நெற்றியில் என்ன காசு வைத்தார்களோ என்றுதான் நினைத்தேன். உன் டின்னைப் பேத்தி கேட்டாள், கொடுத்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் என்று சொன்னேன். அவள் கண்கள் காசை விட்டு நகரவில்லை.

"அம்மாயி, நீங்க செத்த பொறகு வேற காசு வச்சா ஒங்களுக்குத் தெரியவா போகுது?"

உன் பேச்சு, அண்ணே. நீ தூக்கி வளர்க்காத பிள்ளையின் வாயில்.

மறுநாளே பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். நகைக்கடை ஆசாரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, ராசா தலையில ஓட்டை போட்டா வெல போயிருமே?"

"போகட்டும்னுதானய்யா போடச் சொல்றேன். நெத்தி நடுவுல போடுங்க."

வீட்டுக்கு வந்து பேத்தியிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். முகம் சுளித்து, நீ போடுகிற மாதிரியே என் மடியில் போட்டுவிட்டு ஜெர்மனிக் காசை எண்ணெய்த் துணியால் துடைக்கப் போய்விட்டாள்.

கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். இனி எவனும் தொடமாட்டான். கழுத்திலிருந்து நெற்றிக்கு எவ்வளவு தூரம்? முந்திப் போன நீ ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நான் வந்து சேரும்போது கையை மடக்கி வைத்துக்கொள்.