கம்பிவலைப் பஞ்சு

மாப்பிள்ளை,

இன்றைக்குக் காலையில் காற்றறையின் கம்பிவலையைக் கழற்றியதும் அந்த வாடை வந்தது. ஈரப் பஞ்சும் எண்ணெய்ச் சிக்கும் சேர்ந்த வாடை. உன் சட்டையில் எப்போதும் இருந்ததே, அதுதான். உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

சித்திரை வெயிலில் நூல் பட்டுப்பட்டென்று அறுந்து தொலைக்கும். அதற்காக நம் மில்லில் காற்றையே தண்ணீர்த் தூவலில் நனைத்து நூற்கும் கூடத்துக்குள் அனுப்புகிறார்கள். நூலுக்கு அத்தனை சீராட்டு. கூடத்தைச் சுற்றித் திரும்பும் காற்று, பஞ்சுத் தூசியையெல்லாம் கொண்டுவந்து வலையில் அப்பிவிடும். வலை அடைத்தால் மேஸ்திரி குதிப்பார். நீயும் நானும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் சுரண்டுவோம். கம்பளி மாதிரி உரிந்து வரும். "அந்தக் கருமத்தக் கொண்டுபோயிக் குழில கொட்டுங்கடா" என்பார் மேஸ்திரி. தினமும் அதே பாட்டு.

உனக்குப் பெண் பிறந்த சமயத்தில்தான் அந்த யோசனை வந்தது. "மாப்ளே, கொட்டறதுல கொஞ்சம் அலசிக் காயப்போட்டா என்ற புள்ளைக்கு ஒரு தலகாணி ஆகுமில்ல?" என்றாய். பம்பு ரூம் சுவரில் காயவைத்து, சோறு கொண்டுவந்த தூக்குப்போசிக்குள் திணித்துக்கொண்டாய். குப்பையை எடுக்க யாரிடம் கேட்பது? கேட்கவேண்டும் என்றே நமக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் மூடியைத் திறந்தான். மேனேஜர் வந்தார். "ஏனுங்க, குழில கொட்டற குப்பைதானுங்க. மேஸ்திரியவே கேளுங்க" என்று கும்பிட்டாய். நானும் முன்னால் போய் அதையே சொன்னேன். மேஸ்திரியோ தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "குப்பையா இருந்தாலும் மில்லுக் குப்பை. கேட்டத் தாண்டினாத் திருட்டு" என்றார் மேனேஜர். அன்றைக்கே உன்னை நிறுத்திவிட்டார்கள். பிடித்த பஞ்சை வாட்ச்மேன் எங்கே கொட்டினான் தெரியுமா? அதே குழியில்தான்.

சூலூர்ப் பக்கம் எந்த மில்லுக்குப் போனாலும் உனக்கு முன்னால் உன் பெயர் போயிருந்தது. பஞ்சுத் திருடன். ஊரெல்லாம் பேசிச் சிரிக்கிற மனுஷன் நீ, வேலிகளுக்கு நடுவே ஆள் நடமாட்டமில்லாத இட்டேரி வழியாக வீடு திரும்ப ஆரம்பித்தாய். காட்டு வேலைக்குப் போனாய். மண்வெட்டியைத் தூக்கினால் மூச்சு வாங்கியது, இருமல் பிடித்துக்கொண்டது. கடைசியாக உன்னை உயிரோடு பார்த்தபோது, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி நெஞ்சைத் தட்டிக் காட்டினாய்.

"இங்க எத்தன வருசத்துப் பஞ்சு கெடக்குது மாப்ளே. இத மட்டும் ஒருநாளும் கேட்டுல சோதிக்கலியே."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

உன் மகள் இப்போது ஓடி விளையாடுகிறாள். அவளுக்கு இலவம்பஞ்சில் தலையணை தைத்துக் கொடுத்தோம். விவரம் தெரியும் வயது வரட்டும், "உன் அப்பன் திருடவில்லை" என்று நானே அவளிடம் சொல்வேன். அந்த மேஸ்திரி சொல்லமாட்டார்.

இன்று சாயங்காலம் சங்கு ஊதியதும் கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் என் தூக்குப்போசியைத் திறந்து பார்த்தான், மடியைத் தடவினான். எனக்கு இருமல் வந்துவிட்டது. நிற்கவேயில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

"ஒண்ணுமில்ல, போ" என்று விட்டுவிட்டான்.