சட்டைப் பையில் இருந்த அட்டை

ஏங்க,
நைட் டூட்டி முடிச்சு அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. பிரஷர் குறையவே இல்லையே, மாத்திரையை ஒழுங்கா போடலன்னு நேத்து கத்தினேன். நீங்களும் சாப்பிடாமலே கிளம்பிட்டீங்க. இன்னைக்குத் துவைக்க எடுத்த சட்டைப் பையில முட்டிவலி மாத்திரை அட்டை இருந்துச்சு. மருந்துக்கடை அக்காவுக்குப் போன் போட்டேன். "அதுவே பிரஷரை ஏத்தும்மா, சுகர் இருக்கறவங்க கிட்னிக்கும் ஆகாது"ன்னாங்க. மாத்திரையை விடாம போடுறேன்னு நீங்க சொன்னது நிஜம்தான். அவசரப்பட்டுட்டேன்.

மிச்ச அட்டையை நான் எடுத்துட்டுப் போறேன், தேடாதீங்க. பிரஷர், சுகர் மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. சோறு அடுப்பு மேல இருக்கு. சாயங்காலம் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சேர்த்தே சொல்லுவோம், முட்டிக்கும் வழி பிறக்கும்.

பி.கு.: இனிமே வலிச்சா என்கிட்ட சொல்லுங்க. ஒளிச்சு வெச்சுத் திங்க அது என்ன மிட்டாயா?