வழக்கமாக எழுதும் வாசகம்

“ஏட்டி கோமதி” என்று தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வரும் என் அப்பாவுக்கு,

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்துவிட்டது. தெருவில் தறிச்சத்தம் மறுபடி கேட்கிறது, நம் தறிச்செட்டில் மட்டும் இல்லை. நீங்கள் கடைசிவரை கிடந்த காற்று மெத்தையைக் கழுவிக் காயவைத்திருந்தேன். பின்தெருவில் ஒருவர் தன் அம்மாவுக்கு வேண்டுமென்று கேட்டார், கொடுத்துவிட்டேன். “பாக்க ஆள் இருக்கா?” என்று கேட்டேன். “அதான் தங்கச்சி இருக்காள்லா” என்றார்.

பக்கவாதம் வந்து, உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய நாள் நினைவிருக்கிறதா? இனி வீட்டில் வைத்துப் பார்க்கிற செலவுக்கு ஏதாவது கிடைக்குமா என்று காப்பீட்டு அட்டையை நீட்டிக் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், “ஆஸ்பத்திரியில படுத்தா உண்டும்மா. வீட்டுல படுத்தா கிடையாது” என்றார். அவர் மேல் தப்பில்லை. மூளையில் அடைப்பு என்றால் அரசாங்கம் பணம் கட்டும். அதன் பிறகு அந்த மனிதன் வருடக்கணக்கில் கிடந்தால், அது அவன் வீட்டுப் பெண்ணின் பாடு.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். தறிச்செட்டை விற்போம், ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்போம் என்றேன். அம்மாவும் இல்லாத வீட்டில், ஒரு ஆணின் உடம்பைத் தூக்கிப் புரட்ட இன்னொரு ஆண் வேண்டாமா? சங்கர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

“சொத்த வித்துட்டா திரும்ப வாங்க முடியுமாட்டி? நம்மளே பாத்துக்கிடலாம்.”

‘நம்மளே’ என்று சொன்னவன் அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓசூருக்கு பஸ் ஏறினான். நீங்களோ, கோணிப்போன வாயைக் கூட்டி, “விக்காத” என்றீர்கள். உங்களுக்கு மிஞ்சியிருந்த சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று. நான் வேலை பார்த்த திருநெல்வேலி லேபுக்கு போன் போட்டு, இனி வேலைக்கு வரவில்லை என்று சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தத் தேவையே இல்லாதபடிதானே இந்த ஊரில் பெண்களை வளர்க்கிறார்கள்.

யாரிடமிருந்து அந்தச் செட்டைக் காப்பாற்றினீர்கள் அப்பா? கடன்காரன் யாரும் கேட்டு வரவில்லையே. உங்களிடமிருந்துதானே காப்பாற்றினீர்கள்?

நீங்கள் நல்ல கனம். இரண்டு பேர் சேர்ந்து திருப்ப வேண்டிய உடம்பு. நான் ஒருத்தி, முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, துண்டை உங்கள் இடுப்புக்கடியில் விட்டு இழுப்பேன். சில நாள் முடியும், சில நாள் முடியாது. அந்த முடியாத நாட்களில்தான் முதுகில் புண் விழுந்தது. கட்டுப்போட வந்த நர்ஸ் என்னைத்தான் திட்டினாள். செட்டுக்குள் ஓடாத தறிகள் துருப்பிடித்துக்கொண்டு பத்திரமாக இருந்தன. உங்கள் முதுகு பத்திரமாக இல்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. அண்ணன் பெயரும் என் பெயரும். என் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுப்பதாக நான் எழுதித் தரவேண்டும் என்றான். அந்தப் பத்திரத்துக்கு ‘விடுதலை’ என்று பெயர். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் செட்டைக் குடோனுக்குக் கேட்கிறார், விலை பேசியாயிற்று என்று வண்டியில் போகும்போதுதான் சொன்னான். உங்களைப் பார்த்துக்கொள்வதற்காக விற்கக்கூடாதென்ற அதே செட்டு. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கினால் போதும் என்றுதான் பத்திர ஆபீசுக்குப் போனேன்.

பத்திரம் எழுதுகிறவர் வயதானவர், தமாஷ் பேர்வழி. “விடுதலைன்னா சிரிச்சுக்கிட்டு வரணும்மா. நீ என்ன, ஜெயிலுக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?” என்றார். பிறகு எழுதி வைத்திருந்ததை வாசித்தார். “மேற்படி தகப்பனாரின் வைத்தியச் செலவு, பராமரிப்பு யாவற்றையும் மேற்படி சகோதரரே செய்து வந்தபடியால், எனக்குப் பாத்தியமான பாகத்தை…”

“அண்ணாச்சி, அந்த வரிய எடுத்துருங்க.”

“அது வழக்கமா எழுதுற வாசகம்மா. உன்ன ஒண்ணும் சொல்லலியே.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். என்ன ஒண்ணுமே சொல்லல.”

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏன், நான் மாசாமாசம் அனுப்பலியா? நான் அனுப்பாமலா டயப்பர் வந்துது, மருந்து வந்துது?”

“அனுப்புன. இல்லன்னு சொல்லல. அந்த டயப்பர மாட்டுனது யாரு?”

அவன் பொய் சொல்லவில்லை அப்பா. பணம் வராமல் இருந்ததில்லை. என் வேலை போனது அவனுக்குச் செலவாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். பத்திரக்காரர் பேனாவை மூடிவிட்டு, சமாதானமாக, “சரி, அந்த வரி வேண்டாம். ‘அன்பினால் விட்டுக்கொடுக்கிறேன்’னு போட்டுருவமா? அதுவும் செல்லும்” என்றார்.

அதுவரை எனக்குக் கையெழுத்துப் போடுகிற எண்ணம்தான். அந்த ஒரு சொல்லில் போயிற்று. அன்பு என்றால் சும்மா என்று அர்த்தமா? மூன்று வருடம் நான் உங்களுக்குச் செய்ததை அந்தச் சொல்லால் வாங்கினார்கள். இப்போது பங்கையும் அதே சொல்லால் வாங்கப் பார்க்கிறார்கள்.

“போட மாட்டேன் அண்ணாச்சி. உங்க கூலிய நான் தாரேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசலில் அண்ணன் மறித்தான். “உன் கல்யாணத்துக்கு நான் செய்ய மாட்டனா? பொறந்த வீட்டு வாசப்படி மிதிக்க வேண்டாமா உனக்கு?”

“அந்த வீட்டுலதான இவ்வளவு நாளும் கெடந்தேன். நீதான் மிதிக்கல.”

சொல்லியிருக்க வேண்டாமோ? தெரியவில்லை. அவன் அழுதான். அவனுக்கும் ஓசூரில் கடன் இருக்கிறது. ஆனால் அவன் கடனுக்கு என் பங்கு எப்படி மருந்தாகும்? நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அவன் என் போனை எடுப்பதில்லை. ஊர் என்ன பேசுகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருந்தால் நீங்களும் அதையேதான் பேசியிருப்பீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். உங்களைக் குளிப்பாட்டும்போதும் இருந்தது, தலை துவட்டும்போதும் இருந்தது.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். அவன் செட்டை விற்கட்டும். நானும் வந்து கையெழுத்துப் போடுவேன், விட்டுக்கொடுத்தவளாக இல்லை, விற்கிறவளாக. என் பாதியை என் பெயரில் போட்டு வைப்பேன். நான் கிடையில் விழுந்தால் முதலில் அதைத்தான் எடுத்துச் செலவழிப்பேன், கடைசி ரூபாய்வரை. என்னைத் தூக்கவும் துடைக்கவும் சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருப்பார்கள். எனக்கு ஒரு பிள்ளை இருந்தால் அது வேலைக்குப் போகட்டும். சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கட்டும். நமக்கு அதற்குத்தான் அப்பா நேரமே இல்லாமல் போயிற்று.

உங்கள் மகளும் வாரிசுமான
கோமதி
சங்கரன்கோவில்