தினாவின் இடது தோள்

நவம்பர் 18, வியாழன்

காலையிலிருந்து மழை. மந்தைவெளியிலிருந்து நந்தனம் போய்ச் சேர்வதற்குள் ரெயின்கோட்டுக்குள்ளேயே நனைந்தாயிற்று. வண்டி வழியில் இரண்டு முறை நின்றது. மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

வாங்க: டேப் ரோல், ஐஸ் பை, கையுறை. வீட்டுக்கு ரவை, இவருடைய இரவு மாத்திரை (தீரப்போகிறது).

கிளப்பில் மீட்டிங். ஜனவரியில் வாலிபால் லீக். ஆடுகிறவர்கள் எல்லோரும் கொரோனா தடுப்பூசி இரண்டு டோஸும் போட்டிருக்க வேண்டும் என்று மேனேஜர் நடராஜன் சார் அறிவித்தார், ஏதோ சட்டசபையில் பேசுகிற மாதிரி. மற்ற எல்லோரும் போட்டாயிற்று. தினா மட்டும் பாக்கி. வலைக்கு மேலே எம்பி அடிக்க அவனை விட்டால் ஆளில்லை. இடதுகைக்காரன். டிக்கெட் விற்பதே அவன் பேரைச் சொல்லித்தான். "போட மாட்டேன் சார்" என்றான். ஏன் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. பிசியோ என்றால் கோபப்படக் கூடாதா என்ன. நாள் முழுக்க இவர்கள் தோளையும் முதுகையும் பிடித்துவிட்டு அதே கையோடு வீட்டுக்குப் போகிறவள் நான். வீட்டில் இவர் இருப்பது மாற்றுச் சிறுநீரகத்தோடு. கொடுத்தவள் நான். என்னுடைய இரண்டில் ஒன்று இவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்பு அதை வெளியே தள்ளாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. ஊசி போட்டாலும் இவருக்கு அரைகுறையாகத்தான் பிடிக்கும், சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்.

இவரைச் சுற்றி நான். என்னைச் சுற்றி இந்தப் பையன்கள்.

நவ. 20, சனி

மழை விட்டது. துணி ஒன்றும் காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

பயிற்சி முடிந்ததும் தினாவை உட்காரவைத்துத் தோளுக்கு ஐஸ் வைத்தபடியே பேச்சுக் கொடுத்தேன். கோடையில் அவன் அப்பா ஊசி போட்ட நாலாம் நாள் இறந்துபோனாராம். சர்க்கரை ஏற்கெனவே உண்டு, ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். இவன் நம்பவில்லை. அடையாற்றங்கரையிலிருந்து காலி பண்ணி ஊருக்கு வெளியே அனுப்பப்பட்ட குடும்பம். உங்கள் நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னாலே அவன் வீட்டில் சந்தேகம் வந்துவிடும். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் கேட்டான்:

"நீங்கதானக்கா சொல்லிக் குடுத்தீங்க. சளி மாத்திர கூட உங்கள கேக்காம போடக்கூடாது, ஒடம்புக்குள்ள இன்னா போவுதுன்னு தெரிஞ்சிக்கணும்னு. இப்ப கேக்குறேன். இதுக்குள்ள இன்னா கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் உண்மை. ஊக்கமருந்துப் பரிசோதனையில் யாரும் மாட்டிவிடக் கூடாதென்று வருஷக்கணக்காக இவர்களுக்கு நான் எடுத்த பாடம் அது. இருமல் டானிக் வேண்டாம், லேகியம் வேண்டாம், மூடி திறந்த பாட்டிலில் தண்ணீர் கூட வேண்டாம். முக்கால்வாசிப் பேர் கொட்டாவி விட்டார்கள். இவன் மட்டும் காதில் வாங்கியிருக்கிறான்.

தெரிந்த டாக்டர்கள் சொல்கிறார்கள், நானும் போட்டிருக்கிறேன், என் வீட்டுக்காரரும் போட்டிருக்கிறார் என்றேன்.

"அது உங்க நம்பிக்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஐஸ் பையைத் திருப்பித் தர மறக்கவில்லை.

நவ. 23, செவ்வாய்

தினா விஷயம் முடிந்தது, அவன் இஷ்டப்படி. கிளப் முதலாளிக்கு அவன் வேண்டும். வாரா வாரம் டெஸ்ட் எடுத்துக்கொண்டு ஆடலாமாம். "அவனவன் உடம்பு, அவனவன் உரிமை" என்கிறார் நடராஜன் சார், போன வாரம் வேறு மாதிரி முழங்கிய அதே வாயால். டிவியைத் திறந்தால் அங்கேயும் இதே சண்டை. வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களே போட மறுக்கிறார்களாம். பையன்கள் ஒருவருக்கொருவர் போனில் காட்டிக்கொள்கிறார்கள். அவனவன் உடம்பு சரி. இவருடைய உடம்பு யார் கணக்கில்?

கேப்டன் பிரவீன் மட்டும் என் பக்கம். அசோக் நகர்ப் பையன், நாலு வார்த்தை நறுவிசாகப் பேசத் தெரிந்தவன். ஒருத்தனால் எல்லோருக்கும் ரிஸ்க் என்று எல்லோர் முன்னாலும் தினாவிடம் சொன்னான். எனக்கு ஆறுதலாக இருந்தது. தினா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான்.

வேலையை விட்டுவிடலாமா என்று வண்டியில் வரும்போதெல்லாம் யோசனை. இவர் மாத்திரை இந்தச் சம்பளத்தில்தான் வருகிறது. விட முடியாது.

ஏற்பாடு:
தினா கடைசி. ஜன்னலோரக் கட்டில்.
அவனுக்கு மட்டும் இரண்டு மாஸ்க், கையுறை, மேல்கோட்.
வீட்டுக்கு வந்ததும் நேரே குளியல். அப்புறம்தான் இவர் பக்கம்.

நவ. 28, ஞாயிறு

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. பூசை போனில்தான். கட்டிலில் சாய்ந்தபடியே இவர் பாட்டுக்கெல்லாம் கீழ்க்குரல் பாடினார். கோயில் பாடகர் குழுவில் இவர் குரலை நம்பித்தான் மற்றவர்கள் நிற்பார்கள். கொரோனா வந்த நாளிலிருந்து கோயில் வாசலை மிதிக்கவில்லை.

"கிறிஸ்துமஸுக்காவது கூட்டிட்டுப் போ ஸ்டெல்லா. கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு வந்துடறேன்."

சரி என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ.

வாசலில் மாட்டும் ஸ்டாரை எடுத்துப் பார்த்தேன். ஒயரை எலி கடித்திருக்கிறது.

டிச. 2, வியாழன்

தூறல். வண்டி சரியாகிவிட்டது.

தினா இன்று வாயைத் திறந்தான். "மத்தவனுங்களுக்கு வெறுங்கை, எனக்கு மட்டும் கிளவுஸா" என்று. போட்டுக்கொண்டு வா, கழற்றிவிடுகிறேன் என்றேன். கவிழ்ந்து படுத்துக்கொண்டான். தோள் கல்லாக இறுகிக் கிடந்தது. அழுத்தும்போது முனகக்கூட இல்லை. கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். பிறகு வருத்தமாக இருந்தது.

அதற்கு முன் பிரவீனுக்குக் கழுத்துப் பிடிப்பு. நீவிவிட்டேன். அவனோடு டீ, சமோசா. மாஸ்க்கை இறக்கிவிட்டு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தோம். இருமினான். ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம்.

டிச. 6, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. தலை கனம், மூக்கு அடைப்பு. மழையில் நனைந்ததுதான்.

மத்தியானம் மிளகு ரசம், அப்பளம். இவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ரசத்துல உப்பு போடலையா?"

ருசி பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன். அப்போதும் இல்லை என்றார். நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

டிச. 8, புதன்

இவருக்குப் பாசிட்டிவ். எனக்கும்.

கிளப்பிலும் எல்லோருக்கும் எடுத்தார்கள். பிரவீனுக்குப் பாசிட்டிவ். தினாவுக்கு நெகட்டிவ். பேரை மாற்றி அடித்துவிட்டார்களோ என்று நடராஜன் சாரிடம் இரண்டு முறை கேட்டேன்.

இவரை ஆம்புலன்ஸில் அழைத்துப் போனார்கள். எனக்கு வெறும் ஜலதோஷம், ஆனாலும் கூடப் போக விடவில்லை. பையில் வைத்தது: கண்ணாடி, சார்ஜர், ஜெபமாலை, லுங்கி, மாத்திரை டப்பா. கவச உடையில் வந்த இரண்டு பேர் கையைப் பிடித்துப் படியில் இறக்கினார்கள். திருப்பத்தில் நின்று மேலே பார்த்தார். நான் கதவுக்கு உள்ளேயே நின்றேன்.

சாயங்காலம் காஸ் சிலிண்டர் வந்தது. வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

டிச. 10, வெள்ளி

இவருக்கு ஆக்சிஜன். நுரையீரலைக் காப்பாற்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அந்த மாத்திரையைக் குறைத்திருக்கிறார்களாம். சிறுநீரகம் என்ன ஆகும் என்று கேட்டேன். முதலில் மூச்சு, மற்றதெல்லாம் பிறகு என்றார் டாக்டர். சரிதான்.

பிரவீன் போன் பண்ணினான். நலம் விசாரிக்க என்று நினைத்தேன். அழுதான்.

"நான் ஊசி போடவே இல்லக்கா. தெரிஞ்சவர் ஒருத்தர் பேரை மட்டும் ஏத்தி விட்டாரு. சர்டிபிகேட் போன்ல வந்துடுச்சு."

ஏன்டா என்றேன். ஊசியால் ஜுரம் வந்து நாலு நாள் படுத்தால் டீமில் இடம் போய்விடுமோ என்று பயமாம். "தினா மாதிரி எதிர்த்து நிக்க எனக்குத் தைரியம் இல்லக்கா."

போனை வைத்துவிட்டேன். திட்டக்கூடத் தோன்றவில்லை. இரண்டு மாஸ்க்கும் கோட்டுமாக நான் யாரைப் பார்த்துப் பயந்தேன். உண்மையைச் சொன்னவனைப் பார்த்து.

பிரவீனிடமிருந்துதான் எனக்கு வந்தது என்றும் நிச்சயமில்லை. காய்கறிக் கடையாக இருக்கலாம். மருந்துக் கடையாக இருக்கலாம். ஆனால் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். வேறு யாரும் உள்ளே வரவில்லை.

டிச. 14, செவ்வாய்

வெயில். துணியெல்லாம் துவைத்துப் போட்டேன். இவர் சட்டைகளையும்.

கீழே தினா. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கத்தினான், நான் பால்கனியில். சட்டைக் கையை மடித்து இடது தோளைக் காட்டினான். சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது. அடிக்கிற கையிலேயா போட்டுக்கொண்டாய், வலது கையில் போடச் சொல்லக் கூடாதா என்றேன். நர்ஸ் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லையாம்.

"யாரையும் ஒண்ணும் கேக்கலக்கா. போட்டுக்கினேன். அண்ணனுக்கு சரியாய்டும் இல்ல?"

அது அப்படி வேலை செய்யாது என்று சொல்ல வந்தேன். கையைச் சும்மா தொங்கவிடாதே, அடிக்கடி மேலே தூக்கி இறக்கு, ஜுரம் வந்தால் பயப்படாதே என்று மட்டும் சொன்னேன். தெருவில் நின்றபடியே தூக்கி இறக்கிக் காட்டினான். பழம் ஒரு பை கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். சாத்துக்குடி.

உள்ளே வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

டிச. 16, வியாழன்

மூச்சு தேறிவிட்டது, ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள் என்று காலையில் டாக்டர் சொன்னார். தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முடிக்கவில்லை. சிறுநீரகம் நின்றுவிட்டது. இனி அது திரும்பாது. பழையபடி டயாலிசிஸ்.

கேட்க வேண்டியது: வாரத்துக்கு எத்தனை முறை. வீட்டுக்குப் பக்கத்தில் இடம் உண்டா. என்றைக்கு அனுப்புவார்கள்.

மத்தியானம் இவரே போன் பண்ணினார். குரல் இறங்கிப்போயிருக்கிறது. கிறிஸ்துமஸ் பற்றிப் பேசவில்லை.

"நீ குடுத்தத நான் காப்பாத்தலையே ஸ்டெல்லா. மன்னிச்சுக்கோ."

என்னிடமிருந்துதான் உங்களுக்கு வந்தது என்று தொண்டை வரைக்கும் வந்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.

சாப்பிட்டாராம். ரசம் கொடுத்தார்களாம். இப்போது உப்பு நன்றாகத் தெரிகிறது என்றார்.