நரி முகத்தில் முழித்த பெரியம்மா

செக்கானூரணி,
வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், வெள்ளச்சி ஆடும் அவள் போட்ட இரண்டு குட்டியும், ஏழு கோழியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை செல்வக்குமாரும் பேத்தி திவ்யாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கிறது, ஸ்பீக்கரில் போட்டால் வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கிறது. இது வேலிக்கு அந்தப் பக்கம் போகக்கூடாத சங்கதி. என்னுடையது ஐந்தாம் வகுப்பு எழுத்து, பொறுமையாகப் படி.

போன வாரம் நீ போனில் அழுதது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. உங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றதே, கயோட்டியோ கொய்யாப்பட்டியோ, அந்தப் பேர் என் வாயில் நுழையவில்லை, மாப்பிள்ளை அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நம் ஊர் நரிக்குப் பெரியப்பா மகன் மாதிரி இருக்கிறது, கொஞ்சம் உயரம் கூட, காலில் நல்ல ஓட்டம், அவ்வளவுதான். அதற்குப் போய் பிள்ளையைப் பத்து நாளாக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறாயாமே. அதைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி மாப்பிள்ளை அந்த ஊர் வனத்துறை ஆபீசுக்கு எழுதப் போகிறாராமே. அவசரப்பட வேண்டாம் என்று சொல். இங்கே சித்திரையிலிருந்து நானும் ஒரு நரியோடுதான் குடித்தனம் பண்ணுகிறேன். நரியைச் சமாளிப்பது பெரிய காரியமில்லை தாயி, உன் பெரியம்மா அன்னக்கொடியைச் சமாளித்ததுதான் பெரிய காரியம்.

நம் கொல்லைக்கும் அவள் கொல்லைக்கும் நடுவில் வரப்பு இருக்கிறதல்லவா, பங்கு பிரித்தபோது ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளிப் போட்ட அதே வரப்பு, அதில் கருவேலம் புதருக்கு அடியில் ஒரு நரி பொந்து தோண்டிக் குட்டி போட்டிருந்தது. கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனபோது பார்த்தேன், மடி தொங்கியது, குட்டிக்காரி என்று தெரிந்துவிட்டது. எனக்கு அதன்மேல் ஒன்றும் கோபமில்லை. போன வருசம் கடலையில் கால்வாசி எலிக்குப் போனது, இந்த வருசம் தோட்டத்தில் ஒரு எலி வளை கிடையாது. மயில்கூட அந்தப் பக்கம் இறங்கப் பயப்படுகிறது. பொழுது சாயும் முன்னால் கோழிகளைக் கூட்டில் அடைத்துக் கல்லை வைப்பேன், வெள்ளச்சியின் குட்டிகளைப் பஞ்சாரத்துக்குள் விட்டுக் கவிழ்த்து மேலே அம்மிக்குழவியை ஏற்றிவிடுவேன். நரி பாட்டுக்கு நரி, என் பாட்டுக்கு நான். உன் பெரியம்மா அப்படியா? ஞாயிற்றுக்கிழமை பிராய்லர் அறுத்தால் குடலையும் தோலையும் வரப்பிலேயே வீசுவாள், கோழிகளை வேப்பமரத்தில் ஏறித் தூங்க விடுவாள், விடியும் முன்னால் அதுகள் இறங்கிக் குப்பையைக் கிளறும். பந்தி போட்டு இலை விரித்துவிட்டு விருந்தாளி வந்துவிட்டான் என்று கத்தினால் எப்படி? மூன்று கோழி போய்விட்டது.

அவளும் நானும் பேசி முப்பத்தோரு வருசம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். உன் காதுகுத்து, ஆவணி பதினொன்று, மூன்றாம் பந்தி, பச்சைக் கண்டாங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இலையைப் பார்த்து, 'இந்தக் கொழம்புல கோழி குளிச்சிட்டுப் போயிருக்கு போல' என்று என் ஆத்தா வீட்டுச் சனம் அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னாள். அன்றைக்கு முடிந்தது பேச்சு. உன் அப்பா மட்டும் இன்னமும் அண்ணி வீட்டில் காபி குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார், அது வேறு கணக்கு. ஏதாவது அவசியம் என்றால் அவள் தன் எருமையிடம் சொல்லுவாள், நான் கேட்டுக்கொள்வேன். நான் வெள்ளச்சியிடம் சொல்லுவேன், அவள் கேட்டுக்கொள்வாள். கரண்டு பில் வந்ததிலிருந்து கண்மாய் நிறைந்தது வரை இப்படித்தான் ஓடுகிறது.

மூன்றாவது கோழி போன அன்று காலையில் எருமையைக் கட்டிவைத்து ஆரம்பித்தாள். 'ஏ எருமை, நல்லாக் கேட்டுக்க. சில பேரு வரப்புல நரிக்கு வாடகையில்லாம வீடு குடுத்துருக்காக. வெள்ளிக்கெழம எங்க வீட்டு ஆளு உசிலம்பட்டி போறாரு, குருணை மருந்து வாங்கியாரச் சொல்லிட்டேன். கோழிக்கொடல்ல வச்சுப் பொந்து வாசல்ல போட்டுருவேன், அம்புட்டுத்தான்' என்றாள். குட்டிக்காரி செத்தால் பொந்துக்குள்ளே கிடக்கிற குட்டிகள் பால் இல்லாமல் கத்திக் கத்திக் காய்ந்து போகும், அந்தச் சத்தத்தை என் கொல்லையில் நின்று நான் கேட்க வேண்டும். தெரு நாயும் காக்காயும் வேறு சாகும். உன் அப்பாவிடம் சொன்னேன், 'வனத்துறை ஆபீசுல ஒரு வார்த்த சொன்னா மருந்து வைக்கிறவுகளத்தான் பிடிப்பாக' என்றார். 'அப்பச் சொல்லுங்க' என்றேன். 'அண்ணி மொகம் சுண்டிப்போகுமே' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அன்னக்கொடியிடம் வேண்டாம் என்று சொன்னால் அதைத்தான் செய்வாள். எனக்கு ஒன்று கிடைத்தது என்று தெரிந்தால் அது தனக்கு வேண்டும் என்பாள். நான் கிரைண்டர் வாங்கினால் மறுமாதம் அவள் வீட்டில் கிரைண்டர், நான் குழாய் போட்டால் அவள் இரண்டு குழாய். ஆக மறுநாள் விடிந்ததும் வெள்ளச்சியை வேலி ஓரமாகக் கட்டி, தழையைப் போட்டுக்கொண்டே பேசினேன். 'அடியே வெள்ளச்சி, யாருகிட்டயும் சொல்லிறாத. அன்னைக்கு நரி மொகத்துல முழிச்சேன், மறுநாளே நீ ரெண்டு பொட்டக்குட்டி போட்ட. நேத்து முழிச்சேன், பத்து வருசமா வலிச்ச முட்டி வலிய இன்னைக்குக் காணோம். இந்த மகராசி நம்ம வரப்புல இருக்கது நம்ம யோகம்டி' என்றேன். குட்டி போட்டது நிசம். முட்டி வலி அப்படியேதான் இருந்தது, ஆனாலும் வேலி வரைக்கும் விறுவிறு என்று நடந்து காட்டினேன், நடந்த நடைக்குச் சாயங்காலம் தைலம் தேய்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் துடைப்பச் சத்தம் நின்றுபோனது. வெள்ளிக்கிழமை உன் பெரியப்பா உசிலம்பட்டியிலிருந்து கத்திரி நாற்று மட்டும்தான் வாங்கி வந்தார். சனிக்கிழமை விடிகாலையில் பார்த்தால் உன் பெரியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையால் தடவித் தடவி வரப்புப் பக்கம் வருகிறாள், வேறு யார் முகத்திலும் முழித்துவிடக் கூடாதாம். சாணிக்குழியில் ஒரு கால் இறங்கியது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் நரி முகத்தைப் பார்த்தேவிட்டாள். அதோடு போயிருக்கலாம். அந்த வாரமே அவளுடைய அடைக்கோழி பதிமூன்று முட்டையையும் ஒன்று விடாமல் பொரித்துவிட்டது. பொய்யைச் சொன்னவள் நான், பலன் அவளுக்கு, என் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். உடனே நரிக்கு உபசாரம் ஆரம்பித்தாள், தட்டில் கோழிக்கால் வைத்து 'வா ராசாத்தி' என்று கூப்பிடுகிறாள். இரண்டு நாளில் அந்த நரிக்கு மனுசப் பயம் விட்டுப்போனது. பட்டப்பகலில் வேலி தாண்டி வந்து என் பஞ்சாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து வெள்ளச்சியின் குட்டிகளைப் பார்க்கிறது, நாக்கு தொங்குகிறது. நான் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டு ஓடினேன், அப்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மெதுவாகத்தான் போனது. ஒரு குட்டியைத் தூக்கினால் போதும், ஊரே கம்பை எடுத்துக்கொண்டு வரும், நானே முதல் கம்பை எடுப்பேன். நான் சொன்ன பொய்யாலேயே அது சாகப் பார்த்தது.

அன்று சாயங்காலமே வெள்ளச்சியைத் திரும்பவும் வேலி ஓரம் கட்டினேன். 'எங்க ஆத்தா என்ன சொல்லுவா தெரியுமாடி, சோறு வச்சுக் கூப்பிட்ட நரிக்கு யோகம் கெடையாது, வந்த யோகமும் சோறு வச்ச வீட்ட விட்டு வேலி தாண்டிப் போயிரும்பா. போகட்டும், வேலி தாண்டுனா நம்ம வீட்டுக்குத்தான வரப்போகுது' என்றேன். என் ஆத்தா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, செத்துப்போனவள் வந்து மறுத்துப் பேசவா போகிறாள். மறுநாள் தட்டைக் காணோம். கோழிக்குடலைக் குழி வெட்டிப் புதைத்தாள், அந்தப் பதிமூன்று குஞ்சையும் பாதுகாக்கப் புதுசாகக் கோழிக்கூடே வாங்கிவிட்டாள், என்னுடையதைவிட ஒரு அடுக்கு கூட. நான் நாலு நாள் தாம்பாளத்தைத் தட்டினேன், ஐந்தாம் நாள் நரி தன் பழைய வழிக்குப் போய்விட்டது.

நேற்று விடியும்போது நான் வரப்பில் நின்றேன், அவள் அந்தப் பக்கம் வழக்கம்போல் கண்ணை மூடி வந்து திறந்தாள். குட்டிக்காரி பொந்தை விட்டு வெளியே வந்து நின்றது, பின்னாலேயே குட்டிகள், காது மட்டும் பெரிசாக, ஒன்று வாலைக் கடித்து ஒன்று. வரிசையாகக் கண்மாய்க் கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறது, வீடு மாற்றுகிறது போல. அப்போது உன் பெரியம்மா, 'ஏய் விருமா, அங்க பாரு, கடைசில ஒண்ணு நொண்டிக்கிட்டுப் போகுது பாரு, மூணுடி, மூணும் இருக்கு' என்றாள். நான் 'ஆமாக்கா' என்று சொல்லிவிட்டேன். சத்தியமாக என் வாய்தான் சொன்னது, நான் சொல்லவில்லை. பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'உன்னையத்தான் சொன்னேன் எருமை' என்றாள். எருமை அங்கே இல்லை, உன் பெரியப்பா அதற்கு முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆகையால் நான் உனக்குச் சொல்வது இதுதான். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடு, நாய்க்கு வைக்கிற தீனியை வெளியே வைக்காதே, பக்கத்து வீட்டுக் கிழவி அதற்கு ரொட்டி போடுகிறாள் என்றாயே, அவளிடம் போய்ப் பக்குவமாகச் சொல், கேட்காவிட்டால் எனக்கு எழுது, நான் யோசனை சொல்கிறேன். திவ்யாவை வெளியே விடு, பொழுது சாய்ந்தால் மட்டும் கூடவே நில். அது எதிரே வந்தால் முதுகு காட்டி ஓடக்கூடாது, நிமிர்ந்து நின்று கத்திக்கொண்டே தட்டைத் தட்டச் சொல். இது குட்டிக் காலம், அங்கேயும் எங்காவது குட்டிகள் இருக்கும், மாப்பிள்ளை ஒரு மாதம் பொறுத்து எழுதட்டும்.

கருப்பசாமி உங்கள் மூன்று பேரையும் குளிரிலும் வெயிலிலும் காப்பாற்றட்டும், நூறு வருசம் நல்லா இரு ஆத்தா. மறக்காமல் ஒன்று, உன் அப்பா போனில் இந்தக் கதையை மாற்றிச் சொல்வார், நம்பாதே. முதலில் வாயைத் திறந்தது அன்னக்கொடிதான். நான் பதில் மட்டும்தான் சொன்னேன்.

இப்படிக்கு,
உன் அம்மா விருமாயி