ஹன்னாவின் அத்தை மகன்

3 மார்ச், திங்கள்

காலையிலிருந்தே மழை. துவைத்த துணி அப்படியே ஈரமாக.

புது வேலை: கேரல் என்கிற அமெரிக்கக்காரியின் மூதாதை, ஹன்னா. ஒஹாயோ பக்கம் ஏதோ பண்ணைக் கிராமம், போன நூற்றாண்டுக்கும் முந்தியவள். யார் வீட்டுப் பெண் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டும். தேடுவது நான், கேரலிடம் பேசுவது கவிதா. இருவரும் பாலோ பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அப்போதும் வாய் அவளுக்குத்தான்.

வாங்க: முட்டை, தேங்காய்ப்பால் சந்தான், அப்பாவின் மாத்திரை.

6 மார்ச், வியாழன்

கிடைத்துவிட்டாள்! பழைய திருச்சபைப் பதிவில் ஹன்னாவின் அப்பா, அம்மா பெயர். அப்பாவுக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கைதான் ஹன்னாவின் மாமியார். இரண்டு முறை சரிபார்த்தேன். கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை!

மோகன் சிங்கப்பூரில் வேலை முடிந்து வந்ததும் வராததுமாகச் சொன்னேன்.

"அலமாக், அங்கயும் அத்த மகன்தானா? அப்ப நம்மாளு லா!"

நான் கட்டிக்கொண்ட இவரும் என் அத்தை மகன்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்று வலி.

அறிக்கையில் எழுதினேன்: 'தெரிந்த வீட்டுக்கே மருமகளாகப் போனாள். கொடுத்து வைத்தவள்.' கவிதாவுக்கு அனுப்பியாயிற்று. "செம்மடி!" என்று பதில்.

9 மார்ச், ஞாயிறு

கேரலிடமிருந்து மூச்சே இல்லை. கவிதாவும் போன் எடுக்கவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அவங்க ஊர்ல கசினக் கட்டுறது அசிங்கம்டி. ரொம்ப அப்செட். பாத்து எழுதியிருக்கக் கூடாதா?"

எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல செய்தி என்றல்லவா துள்ளினேன்! சொன்ன விதம் தப்பாக இருக்கலாம். சொன்ன விஷயம் தப்பில்லையே.

"நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்றாள். விட்டேன்.

11 மார்ச், செவ்வாய்

வெயில். தலைவலி.

கேரல் எனக்கே மெயில் போட்டிருக்கிறாள். ரொம்பப் பணிவு. நான் அத்தை மகனைக் கட்டியவளாம், அதனால் எங்கே பார்த்தாலும் எனக்கு அப்படியே தெரிகிறதாம். கவிதா விளக்கினாளாம். எங்கள் பண்பாட்டை மதிக்கிறாளாம். அப்புறம் ஒரு வரி: உறவில் கட்டியதால்தான் எங்களுக்குக் குழந்தை இல்லை என்று கேள்விப்பட்டாளாம், வருத்தமாம்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் கவிதா. அவள் காதாலேயே கேட்டாள்.

கூடவே கவிதா திருத்திய வம்சாவளி. ஹன்னாவின் பெற்றோர்: தெரியவில்லை.

மோகனை எனக்குப் பேசி முடிக்கச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நின்றவளே இவள்தான். பாவி.

12 மார்ச், புதன்

காலையில் கவிதாவுக்கு போன்.

"நீயாடி சொன்ன?"

"கஸ்டமர் கைவிட்டுப் போயிடும்னு ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன் லா. அந்த ஹன்னா செத்து எவ்ளோ காலம். யாருக்கு என்னா நஷ்டம்?"

"எனக்குப் பிள்ள இல்லாதது உனக்குப் பேச்சா?"

பின்னால் அவள் பிள்ளைகள் டிவிக்குச் சண்டை போடும் சத்தம். வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான்.

கேரலுக்கு எழுதினேன். ஹன்னாவின் அப்பா, அம்மா பெயர், பதிவின் நகல், எல்லாம் மறுபடியும். இது என் ஆசையில்லை, பதிவில் இருப்பது. வேண்டாமென்றால் அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

மோகன் வந்து முகத்தைப் பார்த்தார்.

"என்னா வசந்தி, அந்தம்மா என்னா எழுதியிருக்காங்க?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"படி, கேப்போம்."

கேரலின் மெயிலைத் தமிழில் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு.