வளர்வதற்கு விட்டு வாங்கிய வயலின்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். மூவரில் ஒருத்திக்கு இடது கை சரியில்லை, இல்லாததை எழுத எனக்கு வராது. பதறாதே, எலும்பு முறியவில்லை, காய்ச்சல் இல்லை, பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். ஆனால் படித்துவிட்டு மடித்தும் வைத்துவிடாதே. லீவு முடிந்து அங்கே திரும்பும், உன் வார்டில் உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் இன்று சாயங்காலம் விமானம் ஏறுகிறாள், போகிற வழியில் வந்து இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ போன் போடுவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய். நம் வீட்டில் போன் யார் கையில் இருக்கும் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை என்னை வாய் திறக்க விடமாட்டார், உன் மகள், நம் பொடிசு, பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது அவர் தையல் கடையில், அவள் வகுப்பில், வீடு எனக்குக் கிடைத்திருக்கிறது. விஷயம் நீ அனுப்பிய வயலின்.

உன் மகள் பள்ளியின் ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்ததில் உனக்குத் தெரிந்தது பாதி, அதுவும் அவள் சொன்ன பாதி. வருட ஆரம்பத்தில் வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு யூனிஃபார்ம் ஆர்டர் கழுத்தளவு இருந்தது, அதனால் நான் போனேன். ஆர்கெஸ்ட்ரா டீச்சர் கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு பேசுகிற பெண், உன்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும், நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடித்தாள், எனக்கு அதிலேயே அவளைப் பிடித்துவிட்டது. வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று அவள் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், கடல் தாண்டி இருந்தாலும் நீயும் வீட்டில் உள்ளவள்தான். தினமும் கொஞ்ச நேரம் வாசித்தால் போதும், வாரமெல்லாம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் அறுத்துத் தள்ளினால் கைதான் கெடும். வாசிக்கிற பிள்ளையைக் கடைக்குப் போய் வா என்று எழுப்பக் கூடாது. இடது கை நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வெயிலில் நிற்கிற காருக்குள் வயலினை விட்டு வரக் கூடாது, ஒட்டின பசை இளகிவிடும். சுருதி இறங்கினால் நாமாகத் தந்தி சுற்றியிருக்கும் பிருடையை முறுக்கக் கூடாது, தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும். முதல் சில மாதம் பூனை கத்துகிற மாதிரிதான் இருக்கும், யாரும் சிரிக்காதீர்கள் என்றாள். பின்வரிசையில் ஒருவர், எங்க வீட்டுல ஏற்கெனவே ரெண்டு பூனை இருக்கு டீச்சர், இதோட மூணு, என்றார். அவளும் சிரித்துவிட்டாள், ஆனால் உடனே நிறுத்திக்கொண்டாள்.

நம்ம பிள்ளையை எதுக்கு ரெண்டாவது வயலின்ல போட்டாங்க, முதல்ல இடம் இல்லையாமா என்று நீ போனில் குதித்தாயே, அது ராங்க் இல்லை. மேல்குரல், கீழ்க்குரல் என்பதுபோல அது ஒரு பங்கு. கான்வென்ட் பாட்டுக் குழுவில் நான் பள்ளி முடிகிறவரை கீழ்க்குரல்தான் பாடினேன். மேல்குரல்காரிகளுக்குத் தாங்கள்தான் ராணி என்று நினைப்பு, நாங்கள் நிறுத்தினால் அந்தரத்தில் தொங்குவார்கள். இதைப் பொடிசிடம் நான் சொல்லிவிட்டேன், நீ மறுபடி அதை இழுக்காதே.

கடைசியாக டீச்சர் சொன்னதுதான் முக்கியம். செருப்பு மாதிரி வயலினும் அளவு பார்த்து எடுக்க வேண்டியது. அரை, முக்கால், முழு என்று இருக்கிறது, பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ள வேண்டும், அவசரப்பட்டு வாங்காதீர்கள், பள்ளி அலமாரியில் இருப்பதை நாங்களே இரவல் தருகிறோம் என்றாள். அதை நான் உனக்குச் சொல்வதற்குள் உன் பார்சல் கிளம்பிவிட்டது. வந்தது முழு வயலின். தையல்காரருக்கு வாழ்க்கைப்பட்டவம்மா நான், வளர்ற பிள்ளைக்கு விட்டுத்தானே தைக்கணும் என்று நீ போனில் சிரித்தாய். சட்டையானால் உள்ளே மடித்துத் தைக்கலாம், பூட்ஸானால் முனையில் பஞ்சு வைக்கலாம், வயலினை எங்கே மடிப்பது? டீச்சர் பார்த்த உடனே வேண்டாம் என்றாள். பொடிசு பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் அவள்தான் குள்ளம், எல்லோரும் அரை டிக்கெட் என்று கூப்பிடுகிறார்கள், நான் முக்கால் வயலினும் தூக்கிட்டுப் போனா அந்தப் பேர் ஒட்டிக்கும் பாட்டி என்றாள். அதுதான் காரணம் என்று நானும் நம்பினேன். மாப்பிள்ளை பள்ளிக்கே போய், அவங்க அம்மா ஆசையா அனுப்பினது, கொஞ்ச நாள் பார்க்கலாம் டீச்சர் என்று கெஞ்சிவிட்டு வந்தார். டீச்சர் மனசே இல்லாமல், விரல் வைக்கும் கருப்புப் பலகையின் குறுக்கே மூன்று மெல்லிய பட்டைகள் ஒட்டிக் கொடுத்தாள், பட்டைமேல் விரலை வைத்தால் சுரம் சரியாக விழும்.

விழவில்லை. அடுத்த அறையில் அவள் வாசிக்க வாசிக்க எனக்குப் பல் கூசியது, ஒவ்வொரு சுரமும் ஒரு நூல் இறங்கி நிற்கிறது. காதைத் தீட்டிக்கோ என்று அதட்டினேன். பட்டை மேலதான் பாட்டி வைக்கிறேன் என்றாள். பட்டைமேல் வைத்தால் எப்படியடி இறங்கும், எதிர்த்துப் பேசாதே என்று இன்னும் அதட்டினேன். ஆர்கெஸ்ட்ராவிலும் அதே கதை, பக்கத்து நாற்காலிப் பெண் வேறு இடம் கேட்டிருக்கிறாள். இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பால் டம்ளர் பொடிசின் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. திட்ட வாயெடுத்தவள் அவள் விரலைப் பார்த்தேன். சுண்டுவிரல் மடங்கவில்லை. சட்டைக் கையைத் தூக்கினால் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. முழுக்கைச் சட்டைதான் வேண்டும் என்று கேட்டு, அப்பாவிடமே தைத்து வாங்கி, பட்டன் போட்டு மறைத்துக்கொண்டு போயிருக்கிறாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பும் தசைநாரும் இழுபட்டிருக்கிறது, சில நாள் ஓய்வு கொடுத்து, கைக்கு ஏற்ற சின்ன வயலினாக எடுத்தால் சரியாகிவிடும், இதையே இழுத்துப் பிடித்து வாசித்தால் பிறகு மாதக் கணக்கில் எதையும் தொட முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து வயலினை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று பட்டைகளுக்கும் பக்கத்தில் பழைய பசைக்கோடு. யாரோ பிடுங்கி நெருக்கி ஒட்டியிருக்கிறார்கள், அதுவும் சாக்குக்கட்டியால் கோடு போட்ட மாதிரி நேராக. நம் வீட்டில் அவ்வளவு நேராக ஒட்டக்கூடியவர் ஒருவர்தான். கடையை மூடிவிட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மேசைமேல் வயலினைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு விரல் எட்டல அத்தை, அழுதா, லூஸா இருக்கிற சட்டையைப் பிடிக்கிற மாதிரி கொஞ்சம் பிடிச்சுக் கொடுத்தேன் என்றார். பட்டையைப் பிடித்தால் சுரம் கேட்குமா, தந்தியையும் வெட்டித் தைத்திருக்க வேண்டியதுதானே என்றேன். வெட்டலாமா அத்தை என்று கேட்டார் பாவம், நிஜமாகவே கேட்டார். அப்புறம், இதை அவளுக்குச் சொல்லிடாதீங்க, அங்க தனியா இருக்கா, நொந்துபோயிடுவா என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

பிறகுதான் பொடிசு பேசினாள். வயலின் வந்த அன்று போனில், எப்பம்மா வருவே என்று உன்னைக் கேட்டாளாம். இந்த வயலின் உனக்குச் சரியா வர்றப்போ அம்மா வந்துடுவேன் என்றாயாம். உனக்கு நினைவிருக்காது, ட்யூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாய். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அரை டிக்கெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை, அதெல்லாம் எனக்குச் சொன்ன சாக்கு. அப்பாகிட்ட சொல்லிச் சரி பண்ணியாச்சு பாட்டி, இப்ப விரல் எட்டுது, சரியா வந்துடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க என்று அந்த வீங்கின கையைத் தூக்கிக் காட்டினாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

இப்போது நிலைமை இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை கச்சேரி. திங்கட்கிழமை ஒத்திகையில் யார் எந்த நாற்காலி என்று முடிவாகும். டீச்சரைப் போய்ப் பார்த்தேன். அலமாரியில் முக்கால் வயலின் ஒன்று இருக்கிறது, கைக்கு நோகாமல், விரலே வைக்காமல் வெறும் தந்தியை வில்லால் இழுக்கிற சுலபமான பங்கு எழுதித் தருகிறேன், நாற்காலியில் உட்காரட்டும், ஆனால் அந்தப் பெரிய வயலினோடு வந்தால் ஒரு சுரம்கூட வாசிக்க விடமாட்டேன், இது தண்டனை இல்லைம்மா, அவ கை, என்றாள். அவள் சொல்வது முழுக்கச் சரி. பொடிசோ முக்காலைத் தொடவும் மாட்டேன் என்கிறாள். அதை எடுத்தா அம்மா வர்றது இன்னும் தள்ளிப்போகும் என்கிறாள். நான் மிரட்டிப் பார்த்தேன், டீச்சர் சமாதானம் சொல்லிப் பார்த்தாள், மாப்பிள்ளை பேசப்போய் அவரும் சேர்ந்து அழுதார். நேற்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பெரிய வயலினில் விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பூட்டி அலமாரி உச்சியில் வைத்திருக்கிறேன், சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஆனால் சாவியால் எத்தனை நாள் ஓட்டுவது?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீதான் சொல்ல வேண்டும். முக்கால் வயலினை எடுத்துக்கோ என்று உன் வாயால் வர வேண்டும். நீ வருகிற தேதி தெரிந்தால் தேதியைச் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், அவள் தாங்குவாள், என்னிடம் வளர்கிறவள். சீக்கிரம் என்று மட்டும் சொல்லாதே. வயலினுக்கும் உன் வரவுக்கும் நீ போட்ட முடிச்சு, நீயே அவிழ்த்துவிடு. அப்போது அழுதுவிடாதே, நீ அழுதால் உன்னைத் தேற்றுவதற்கென்றே அவள் பெரிய வயலினைக் கேட்பாள். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, டீச்சர் சொன்னதாக இருக்கட்டும், அவள் இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டாள். பெரிய வயலின் எங்கும் போகாது, உச்சியில் பத்திரமாக இருக்கும், அதையும் அவளிடம் சொல்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை சாப்பிட வந்துவிட்டார். கடிதத்தைப் பார்த்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை நாடாவை எடுத்து மேசைமேல் வைத்தார். இன்று காலை பொடிசைக் கையை நீட்டி நிற்கவைத்து, டீச்சர் காட்டிக்கொடுத்தபடி கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்து வெட்டியிருக்கிறார். வார்த்தையில எனக்கு எழுத வராது அத்தை, இதையும் உள்ள வைங்க என்றார். வைத்திருக்கிறேன். முடிச்சுப் போட்ட முனையை உன் கழுத்தோரம் வைத்துக் கையை நீட்டிப் பார். மறுமுனை உன் கையில் எங்கே வந்து நிற்கிறதோ, இன்றைக்கு உன் மகள் அவ்வளவுதான். விட்டு வெட்டவில்லை.

கடவுள் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், நின்று நின்று உன் கால் நோகாமல் இருக்கட்டும், நல்லபடியாக நடந்து இந்த வாசலுக்கு வந்து சேர். ஞாயிறு, மறந்துவிடாதே. மாப்பிள்ளையைத் திட்டுவதென்றால் கச்சேரி முடிந்த பிறகு வைத்துக்கொள், அதுவரைக்கும் நான் திட்டினது போதும்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அம்மா